பவர் சீட் ரிப்பேர்னு 18,500 ரூபாய் போச்சு. உஷார்!

நேத்து ராத்திரிதான் உண்மை தெரிஞ்சுது. கோபம் இன்னும் அடங்கல. கடை பேரைப் போடல. சென்னையில ஏசி வெயிட்டிங் ரூம், காபி மெஷின் எல்லாம் வெச்ச கார் சர்வீஸ் கடை, அவ்வளவுதான். பவர் சீட்ல, அதாவது பட்டனை அமுக்கினா மோட்டார்ல நகர்ற சீட்டுல, கரண்ட் கோளாறை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு கடைசியில படிப்படியா எழுதறேன், முதல்ல நடந்ததைக் கேளுங்க.

வண்டி தங்கச்சியோடது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல கார்பெட் வரைக்கும் தண்ணி ஏறின வண்டி. டிரைவர் சீட்ல நாலு மோட்டார்: முன்ன பின்ன நகர ஒண்ணு, சாய ஒண்ணு, முன்பக்கம் பின்பக்கம் ஏறி இறங்க ரெண்டு. உக்கார்ற நிலையை ஞாபகம் வெச்சுக்கற மெமரி கிடையாது, சீட்டுக்குத் தனி கம்ப்யூட்டரும் கிடையாது. பட்டனே நேரா மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும். போன வாரம் நாலும் ஒண்ணா நின்னுடுச்சு. சீட்டைக் கொஞ்சம் உலுக்கினா சில நேரம் உயிர் வரும்.

இதுலயே பாதி விடை இருக்கு. நாலு மோட்டாரும் பேசி வெச்சு ஒரே நாள்ல சாகாது. நாலுக்கும் பொதுவா இருக்கறது பியூஸ், சப்ளை வயர், சீட்டுக்கடியில இருக்கற கனெக்டர், அப்புறம் எர்த்து, அதாவது கரண்ட் வண்டி பாடி வழியா பேட்டரி மைனஸுக்குத் திரும்பற வழி. அங்கதான் முதல்ல பாக்கணும்.

நான் கோயம்புத்தூர்ல இருக்கேன். கடைக்காரர் தங்கச்சி போனை வாங்கி எனக்கே வீடியோ கால் போட்டார். சீட்டைக் கவுத்து, பட்டனுக்கு வர்ற வயர்ல வோல்ட் மீட்டரோட சிவப்பு புரோபை (அளக்கற முனையை) வெச்சார். மீட்டர்ல 12.4 வோல்ட். "பாருங்க சார், கரண்ட் ஜம்முனு வருது. வயரிங் ஓகே. மோட்டாரும் ஸ்விட்சும் போச்சு." வருஷக்கணக்கா வண்டி வயரிங் பாக்கறவன் நான், தலையாட்டிட்டேன். "பண்ணிடுங்க"ன்னு சொன்னதும் நான்தான்.

அந்த வீடியோவுல கறுப்பு புரோப் எங்க இருந்துச்சு தெரியுமா? கதவு லாக் மாட்டற கொக்கியில. அது பாடியோட நல்ல எர்த்து. சீட்டோட எர்த்து வயரை அவர் தொடவே இல்ல. அங்க வெச்சா 12.4 வராம என்ன செய்யும்? அதுவும் பட்டனை அமுக்காம வெச்ச அளவு. மீட்டர் இழுக்கற கரண்ட் ஒண்ணுமே இல்ல. வயர்ல ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் 12 வோல்ட் காட்டும், ஆனா மோட்டார் அசையாது.

பில்: ஸ்கேன் (வண்டி கம்ப்யூட்டர்ல எரர் இருக்கான்னு பாக்கறது) 1,500, மோட்டார் 9,000, ஸ்விட்ச் 5,500, லேபர் 2,500. மொத்தம் 18,500. கம்ப்யூட்டரே இல்லாத சீட்டுக்கு ஸ்கேன்! சீட்டைக் கழட்டி மாட்டின ஆட்டத்துல எர்த்து கொஞ்சம் ஒட்டிக்கிச்சு, நாலு நாள் ஓடிச்சு. அஞ்சாம் நாள் மறுபடி நாலும் மௌனம். கூடவே டேஷ்போர்டுல ஏர்பேக் லைட்டு.

தங்கச்சி போன் போட்டா, "ஸ்கேன்ல எரர் எதுவும் வரலையே மேடம்." மறுநாள், "எலக்ட்ரிகல் பார்ட்ஸுக்கு வாரண்டி கிடையாது, பில் பின்னாடி போட்டிருக்கு." ஏர்பேக் லைட்டு? "அது தனி வேலை, ரீசெட்டுக்கு 2,000 ஆகும்." பழைய மோட்டார்? "ஸ்கிராப்ல போட்டாச்சு."

நேத்து நானே வந்து பாத்தேன். கறுப்பு புரோப் பாடியில, சிவப்பு புரோப் பட்டனுக்குப் போற எர்த்து வயர்ல, பட்டனை அமுக்கிக்கிட்டே பாத்தா 11.2 வோல்ட். அரை வோல்ட்டுக்கு மேல காட்டினாலே எர்த்து சரியில்லன்னு அர்த்தம். கார்பெட்டைத் தூக்கினேன். எர்த்து லக்கு (வயர் முனையைப் பாடியில போல்ட் போட்டு மாட்டற வளையம்) முழுக்கப் பச்சைப் பசேல்னு களிம்பு, விரலால தொட்டா மாவா உதிருது. வயரைப் பின்னாடி நல்ல செம்பு வர்ற வரைக்கும் வெட்டி, புது லக்கு அடிச்சு, பாடியில பெயிண்ட்டும் துருவும் போக உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, போல்ட்டை இறுக்கி, மேல வாசலின் தடவினேன். நாலு மோட்டாரும் ஓடுது. செலவு ஐம்பது ரூபாய்க்குள்ள. அவங்க வாங்கினது 18,500.

இன்னொண்ணு. "புது" மோட்டாரோட போல்ட் தலையில ரெண்டு வருஷத்து வெள்ளச் சேறு அப்படியே காஞ்சு கிடக்கு. ஸ்பேனர் பட்ட தடமே இல்ல. இனி நான் என்ன சொல்ல?

படிப்படியா எழுதறேன்னு சொன்னேன், இப்ப அதுக்கு மனசு இல்ல. அவசரமா நாலு விஷயம்:

சீட்டுக்கடியில மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்கோடது. பேட்டரி மைனஸைக் கழட்டி, வண்டி மேனுவல்ல சொன்ன நேரம் காத்திருந்துட்டுத்தான் அதைத் தொடணும். கழட்டி வெச்சுட்டு இக்னிஷன் போட்டா லைட்டு ஒட்டிக்கும். லைட்டு எரியற வரை ஏர்பேக்கை நம்ப முடியாது.

வோல்ட் எப்பவும் பட்டனை அமுக்கிக்கிட்டே பாருங்க. பிளஸ் பக்கமும் பாருங்க, எர்த்து பக்கமும் பாருங்க. மீட்டரை மட்டும் நம்பாம 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒண்ணைச் சீட்டோட பிளஸுக்கும் சீட்டோட எர்த்துக்கும் நடுவுல போடுங்க. மங்கினா வயரிங்தான்.

ஒரு திசை மட்டும் வரலன்னா பெரும்பாலும் ஸ்விட்ச். ஒரு மோட்டார் ரெண்டு திசையிலும் வரலன்னா, பியூஸ் போட்ட வயர்ல நேரா 12 வோல்ட் கொடுத்துப் பாருங்க. வயரை மாத்திக் கொடுத்தா எதிர்த்திசையில ஓடணும். ஓடினா மோட்டார் நல்லா இருக்கு, மாத்த விடாதீங்க. உறுமுது ஆனா நகரலன்னா பல்சக்கரமோ கேபிளோ, இல்ல சீட்டு நகர்ற ரெயில்ல மாட்டின சில்லறைக் காசோ.

பழைய சாமானைக் கையில வாங்காம பணம் கொடுக்காதீங்க.

இன்னிக்கும் போன் போட்டேன். "ஓனர் சாப்பிடப் போயிருக்கார் சார்." மணி நாலரை.