வைஃபை கார்டு போச்சு என்று சொன்னால் உடனே நம்பி லேப்டாப்பைக் கொடுத்துவிடாதீர்கள்

லேப்டாப்பில் வைஃபை கனெக்ட் ஆகிறது, சிக்னல் முழுசாக இருக்கிறது, இன்டர்நெட் மட்டும் வரவில்லை. இந்த நிலைமையில் சர்வீஸ் கடைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் நின்று இதைப் படித்துவிட்டுப் போங்கள். கோவையில் என் அக்காவிடம் "வைஃபை கார்டு போயிருச்சு" என்று, அதாவது லேப்டாப்புக்குள் வைஃபை பிடிக்கிற சின்னப் பாகம் கெட்டுவிட்டது என்று சொல்லி 4,500 ரூபாய் வாங்கியதோடு, லேப்டாப்பில் இருந்த நல்ல கார்டைக் கழற்றி வைத்துக்கொண்டு ஏதோ ஒரு பழைய கார்டை மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கடைப் பெயரைக் கேட்காதீர்கள், புகார் போயிருக்கிறது, அது முடிகிற வரை நான் போடப் போவதில்லை.

அக்கா வீட்டில் பழைய பிராட்பேண்டை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டார்கள். வந்தவர் ரவுட்டரை மாட்டி, எல்லார் போனிலும் பாஸ்வேர்டு போட்டு, டிவியிலும் ஓடவிட்டுக் காட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்தால் வைஃபை பெயருக்குக் கீழே 'நோ இன்டர்நெட், செக்யூர்டு' என்று நிற்கிறது. போனில் வருகிறது, டிவியில் வருகிறது, இதில் மட்டும் இல்லை. அக்கா வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்ப்பவர், ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் 20ஆம் தேதிக்குள் போட்டாக வேண்டும், கையில் நாள் இல்லை. ஃபைபர்காரர்கள் "எங்க லைன் சரியா இருக்குங்க, லேப்டாப்பைப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, பிரச்சனை லேப்டாப்பில்தான் இருந்தது.

கடைக்காரர் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதில் லேப்டாப்பைச் சேர்த்திருக்கிறார். கனெக்ட் ஆனது, இன்டர்நெட் வரவில்லை. "பாருங்க மேடம், என்ற போன்லயும் வரலைங்க. அப்ப உங்க கார்டுதானுங்க போயிருக்குது. இப்படியே விட்டா மதர்போர்டு வரைக்கும் ஏறிரும்" என்றாராம். அந்த மதர்போர்டு வார்த்தைக்கு யார்தான் பயப்பட மாட்டார்கள். சாயங்காலம் வாங்கப் போனபோது இன்டர்நெட் ஓடியது, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பழைய கார்டைக் கேட்டதற்கு "அது வேஸ்ட்டுங்க, ஸ்கிராப்புல போட்டாச்சு" என்று பதில். பில்லில் 'வைஃபை கார்டு, சர்வீஸ் சார்ஜ்' என்று எழுதியிருந்ததே தவிர கார்டின் மாடல் இல்லை, ஜிஎஸ்டி நம்பரும் இல்லை.

அப்புறம்தான் தொல்லை ஆரம்பித்தது. வீடியோ கால் பேசினால் நின்று நின்று வருகிறது, பெரிய ஃபைல் ஏற மாட்டேன் என்கிறது. பொங்கலுக்கு நான் போயிருந்தபோது அக்கா மகள்தான் சொன்னாள், "மாமா, ரவுட்டர்ல வைஃபை பேரு ரெண்டு வருது, போன்ல ரெண்டும் தெரியுது, அம்மா லேப்டாப்ல 5ஜின்னு முடியுற பேரு மட்டும் காணோம்" என்று. பத்தாவது படிக்கிற பிள்ளை கண்டுபிடித்ததை நினைத்து எனக்குப் பெருமை. இங்கே 5ஜி என்பது மொபைல் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. புது ரவுட்டர்கள் 2.4, 5 என்று இரண்டிலும் பரப்பும். 2.4 தூரமாகப் போகும், ஆனால் அதில் நெரிசல் அதிகம். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் 1, 6, 11 என்று மூன்றுதான், அபார்ட்மென்டில் எல்லார் வீட்டு ரவுட்டரும் அதற்குள்தான் இடிபடுகிறது, மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே அலைவரிசைதான். அதனால் 5 பிடிக்காத கார்டு என்றால் ஃபைபர் போட்ட பலன் பாதி போய்விடும்.

விண்டோஸில் பாகங்களின் பட்டியலைக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற இடத்தில் பார்த்தேன். 2.4 மட்டும் பிடிக்கிற, ஒரே ஆன்டெனா உள்ள பழைய மாடல் கார்டு இருக்கிறது. லிங்க் ஸ்பீடு, அதாவது கார்டும் ரவுட்டரும் பேசிக்கொள்கிற வேகம், 72 எம்பிபிஎஸ். மேலே வியூ மெனுவில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' என்று ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் முன்பு மாட்டியிருந்து இப்போது இல்லாதவற்றின் பெயர்களும் மங்கலாகத் தெரியும். அங்கே கிடைத்தது: இன்டெல் வைஃபை 6 ஏஎக்ஸ்200, இரண்டு அலைவரிசையும் பிடிக்கிற புது வகைக் கார்டு. லேப்டாப் வாங்கியபோது பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலும் வைஃபை 6 என்றுதான் இருக்கிறது. பின்மூடியைக் கழற்றினால் ஆன்டெனா வயர் இரண்டில் ஒன்று கார்டில் மாட்டப்படாமல் டேப் ஒட்டிக் கிடந்தது. இரண்டு வயர் போகிற கார்டு இருந்த இடத்தில் ஒரு வயர் கார்டு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சரி, ஒரிஜினல் கார்டு உண்மையிலேயே கெட்டுப்போயிருந்ததா என்றால் அதுவும் இல்லை. முன்பு அக்கா வீட்டில் பிரிண்டர் மாட்ட வந்தவர் லேப்டாப்புக்கு நிலையான ஐபி முகவரி (நெட்வொர்க்கில் லேப்டாப்பின் விலாச எண்) ஒன்றைக் கையால் போட்டு வைத்திருக்கிறார், 192.168.0.50, கேட்வே (இன்டர்நெட்டுக்குப் போகிற வாசல், அதாவது ரவுட்டரின் முகவரி) 192.168.0.1. பழைய ரவுட்டர் அந்த முகவரியில் இருந்ததால் எல்லாம் ஓடியது. புது ஃபைபர் ரவுட்டரின் முகவரி 192.168.1.1. இப்போது இல்லாத ஒரு கேட்வேயை லேப்டாப் தேடிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான் விஷயம். வேறு தெருவுக்குக் குடிபோன பிறகும் பழைய வீட்டு விலாசத்துக்கே லெட்டர் போடுவது மாதிரி. கழற்றிய கார்டுக்கான இந்தப் பதிவு, விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமித்து வைக்கிற ரெஜிஸ்ட்ரியில் அப்படியே கிடந்தது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த செட்டிங் அந்தக் கார்டோடு ஒட்டியிருப்பது. அதனால்தான் கடைக்காரர் போன் ஹாட்ஸ்பாட்டிலும் இன்டர்நெட் வரவில்லை, அங்கேயும் முகவரி வேறு. அதனால்தான் எந்தக் கார்டை மாட்டியிருந்தாலும் வேலை செய்திருக்கும், புதுக் கார்டுக்கு விண்டோஸ் எல்லாவற்றையும் தானியங்கியாக வைத்துவிடும். 'ஹாட்ஸ்பாட்டிலும் வரவில்லை, கார்டை மாற்றினேன் வந்துவிட்டது' என்று அவர் காட்டிய இரண்டும் கண்ணுக்கு நிரூபணம் மாதிரியே இருக்கும், ஆனால் இரண்டும் எதையும் நிரூபிக்கவில்லை. தெரியாமல் செய்தார் என்று விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் வைஃபை 6 கார்டு இருந்த இடத்தில் இதை வைத்துவிட்டு அதைத் தராமல் விட்டது தெரியாமல் நடக்கிற காரியம் இல்லை.

எனவே முதலில் நீங்களே பாருங்கள். பக்கத்து வீட்டு வைஃபை பெயர்களெல்லாம் லிஸ்டில் வந்து, உங்கள் வைஃபையில் பாஸ்வேர்டு போட்டதும் கனெக்டும் ஆகிறது என்றால் கார்டின் ரேடியோ வேலை செய்கிறது என்று அர்த்தம். பெரும்பாலான லேப்டாப்பில் புளூடூத்தும் அதே கார்டில்தான் இருக்கும், அதுவும் ஓடினால் கார்டு செத்துவிட்டது என்ற பேச்சை நம்பவே வேண்டாம். அடுத்து கமாண்ட் பிராம்ப்டில் (விண்டோஸில் கட்டளைகளை அடிக்கும் திரை) ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்து, வயர்லெஸ் அடாப்டருக்குக் கீழே வரும் முகவரியையும் கேட்வேயையும் பாருங்கள். அதே வைஃபையில் இருக்கிற போனில் வைஃபை விவரத்தைத் தொட்டாலும் இதே இரண்டும் தெரியும். கேட்வே இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், முகவரியில் புள்ளியால் பிரிந்த நான்கு எண்களில் முதல் மூன்றும் வழக்கமாக ஒன்றாகவே இருக்கும். இல்லாவிட்டால் அக்காவுக்கு நடந்ததுதான் உங்களுக்கும். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே வாங்க முடியவில்லை என்று பொருள், ரவுட்டரையும் லேப்டாப்பையும் ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர், அதில் சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ், அங்கே வைஃபை மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், அதில் இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4. உள்ளே ஐபி, டிஎன்எஸ் இரண்டையும் 'ஆட்டோமேட்டிக்கலி' என்று மாற்றினால் முடிந்தது. இவ்வளவு தேட வேண்டாம் என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ் போய் நெட்வொர்க் ரீசெட் கொடுங்கள், அடாப்டர்களை எடுத்துவிட்டு மறுபடி தானே நிறுவிக்கொள்ளும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடலாம், எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள், ஆபீஸ் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்கில் சேர்கிற இணைப்பு) இருந்தால் அதையும் திரும்பப் போட வேண்டியிருக்கும். கடைக்காரர் இந்த ஒரு பட்டனை அழுத்திவிட்டு இருநூறு முந்நூறு கேட்டிருந்தால் அக்கா நன்றி சொல்லிக் கொடுத்திருப்பார், எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

கடைக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்றால், கொடுக்கும் முன் ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல் (ipconfig /all) என்று அடித்து அந்தத் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார்டின் பெயரும், ஒவ்வொரு கார்டுக்கும் தனியாக இருக்கும் பிசிக்கல் அட்ரஸும் அதில் வந்துவிடும். என்ன பாகம் மாற்றுகிறார்கள், மாடல் என்ன என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகம் உங்களுடையது, கையில் கொடுத்த பிறகு பணம் கொடுங்கள். ஸ்கிராப்பில் போட்டாச்சு என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நானும் அக்கா வீட்டுக்காரரும் கடைக்குப் போய்க் கேட்டோம். முதலில் "முன்னாடியே அந்தக் கார்டுதானுங்க இருந்துச்சு" என்றார். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டியதும் பேச்சு மாறியது, 2,000 ரூபாய் திருப்பித் தருகிறேன், ஆனால் இனிமேல் எந்தப் புகாரும் இல்லை என்று அக்கா எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். அக்கா ஒரே வார்த்தையில் முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சொன்னது சரி என்றே நினைக்கிறேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் பிறகு எங்கே போனாலும் அந்தக் காகிதத்தைத்தான் காட்டுவார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவாகியிருக்கிறது. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், ஸ்கிரீன்ஷாட், ஸ்டிக்கர் படம் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கிறது. இதே மாதிரி கார்டு மாற்றப்பட்டவர்கள் யாராவது இருந்தால் உங்கள் ஹிடன் டிவைசஸ் லிஸ்டை இன்றே படம் எடுத்து வைத்துவிடுங்கள், விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டால் அந்தத் தடயம் அழிந்துவிடும்.