ரோரி கேலஹர் ஐரிஷ் டூர் '74 பாக்ஸ் செட்: பின்னாடி நின்ன மூணு பேருக்காகவே கேக்கணும்

அயர்லாந்து ப்ளூஸ் ராக் கிட்டாரிஸ்ட் ரோரி கேலஹர் பேரை எடுத்தாலே பேச்சு நேரா அந்த பெயிண்ட் உதிர்ந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார்ல போய் நின்னுடும். 1961 மாடல், 1963-ல அயர்லாந்துல கார்க் ஊர்ல க்ரௌலி கடையில கடனுக்கு வாங்கினது, வேர்வை பட்டு பட்டே வார்னிஷ் போச்சு, இந்த கதை எல்லாருக்கும் மனப்பாடம். நானும் ரொம்ப வருஷம் அவர் ரெக்கார்டை போட்டா கிட்டாரை மட்டும்தான் கேட்டுட்டு இருந்தேன். பின்னாடி யார் இருக்காங்கன்னு கவர்ல படிச்சதோட சரி. 2014-ல வந்த இந்த ஐரிஷ் டூர் '74 பாக்ஸ் செட்டை பொறுமையா முழுசா கேட்டதுக்கு அப்புறம்தான் எனக்கு காது திறந்துச்சு, அதனால இந்த ரிவ்யூ கிட்டாரை பத்தி இல்ல, பக்கவாத்தியக்காரங்களை பத்தி.

பாக்ஸ்ல என்ன இருக்குன்னு முதல்ல சொல்லிடறேன். மொத்தம் 7 சிடி, ஒரு டிவிடி. 1974 ஜனவரியில கார்க் சிட்டி ஹால், டப்ளின் கார்ல்டன் சினிமா, பெல்ஃபாஸ்ட் அல்ஸ்டர் ஹால், இந்த மூணு இடத்துல இங்கிலாந்து ராக் இசைக்கலைஞர் ரோனி லேனோட மொபைல் ஸ்டூடியோவை கொண்டு போய் ரெக்கார்ட் பண்ணாங்க. அதுல இருந்து பொறுக்கி எடுத்து அதே வருஷம் டபுள் எல்பியா விட்டதுதான் எல்லாருக்கும் தெரிஞ்ச ஐரிஷ் டூர் ஆல்பம். பாக்ஸ்ல ஊருக்கு ரெண்டு டிஸ்க்னு கச்சேரிகளை தனித்தனியா குடுத்திருக்காங்க, கூடவே சிட்டி ஹால் செஷன்னு ஒரு டிஸ்க், டிவிடியில டோனி பாமர் எடுத்த படம்.

இப்ப அந்த மூணு பேர். பேஸ் ஜெர்ரி மெக்அவாய், ட்ரம்ஸ் ராட் டி'ஆத், கீபோர்டு லூ மார்ட்டின்.

இவங்க எப்படி சேர்ந்தாங்கன்னு தெரிஞ்சா கேக்கறதே வேற மாதிரி இருக்கும். ரோரி அதுக்கு முன்னாடி டேஸ்ட்னு ஒரு ட்ரியோ, அதாவது மூணு பேர் பேண்ட், வச்சிருந்தார், ரிச்சர்ட் மெக்ராக்கன் பேஸ், ஜான் வில்சன் ட்ரம்ஸ், அது 1970 கடைசியில உடைஞ்சு போச்சு. 1971-ல சொந்த பேர்ல ஆரம்பிக்கும்போது பெல்ஃபாஸ்ட் பையன் மெக்அவாயை கூப்பிட்டார், அப்ப அவருக்கு வயசு 19. ட்ரம்ஸுக்கு வில்கர் கேம்ப்பெல். அந்த ட்ரியோ ரெண்டு ஸ்டூடியோ ஆல்பம் பண்ணுச்சு, 1972-ல ஐரோப்பா லைவ் ரெக்கார்டும் வந்துச்சு. ஆனா கேம்ப்பெல்லுக்கு விமானம்னாலே பயம், வருஷம் பூரா ஊர் ஊரா பறக்கிற பேண்ட்ல அது எப்படி ஒத்து வரும், அவர் விலக, அந்த எடத்துக்கு வந்தவர்தான் டி'ஆத். கொஞ்ச நாள்ல லூ மார்ட்டினும் வந்தார். இவங்க ரெண்டு பேரும் ஏற்கனவே கில்லிங் ஃப்ளோர்ங்கிற ப்ளூஸ் பேண்ட்ல ஒண்ணா வாசிச்சவங்க. இதை நான் முக்கியமா நினைக்கிறேன், ஏன்னா ட்ரம்ஸும் கீபோர்டும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கிட்டே உள்ள வந்தாங்க, புதுசா பழக வேண்டியது இல்ல. 1973-ல மட்டும் ரெண்டு ஸ்டூடியோ ஆல்பம், நடுவுல ஓயாத டூர், அந்த சூட்டோடதான் 1974 ஜனவரிக்கு வந்து நிக்கறாங்க.

டி'ஆத் விஷயத்துக்கு நேரா வரேன், எனக்கு இந்த பாக்ஸ்ல ரொம்ப பிடிச்சது அவர்தான். கணக்கு பிசகாம மெட்ரோனோம் மாதிரி அடிக்கிற ட்ரம்மர் இல்ல அவர். கொஞ்சம் லூசா, பீட்டுக்கு அந்தாண்ட இந்தாண்ட சாஞ்சு சாஞ்சு அடிப்பார், சில எடத்துல என்னடா இது தடுமாறுதேன்னு தோணும், அடுத்த பாரிலயே, அதாவது அடுத்த தாளச் சுத்துலயே, பார்த்தா சரியா வந்து உக்காந்திருக்கும். முதல்ல எனக்கு இது குறையா தான் பட்டுச்சு. மூணு ஊர் கச்சேரியையும் அடுத்தடுத்து கேட்டதும் மனசு மாறிடுச்சு, ஏன்னா ரோரியே அப்படித்தான், ஒரு லைனை எங்க முடிப்பார்னு சொல்ல முடியாது, நாலு பாருக்கு போறவர் திடீர்னு ஆறு போவார், திடீர்னு வால்யூமை இறக்கி முணுமுணுப்பார். இந்த மாதிரி ஆளுக்கு பின்னாடி ஒரே கோட்டுல போற ட்ரம்மர் இருந்திருந்தா ரெண்டு பேரும் முட்டிக்கிட்டு இருப்பாங்க. டி'ஆத் இடம் விடறார். 'வாக் ஆன் ஹாட் கோல்ஸ்' பதினோரு நிமிஷம் கிட்ட போகும், அதுல நடுவுல எல்லாம் அடங்கி திரும்ப ஏறுற எடத்தை ட்ரம்ஸை மட்டும் பிடிச்சுக்கிட்டு கேளுங்க, ஏத்தறது கிட்டார் மட்டும் இல்லன்னு புரியும்.

மெக்அவாய் அப்படியே எதிர் குணம். அவர் நகரவே மாட்டார், அதாவது வாசிப்புல, ஸ்டேஜ்ல என்னமோ குதிச்சுக்கிட்டே தான் இருப்பார், டிவிடியில பாக்கலாம். ரோரி ஒரு பக்கம் ஓட டி'ஆத் இன்னொரு பக்கம் சாய, பாட்டு கீழ விழாம பிடிச்சிருக்கிறது அந்த பேஸ்தான். ஸ்பீக்கர்ல கேட்டா இது சரியா தெரியாது, நல்ல ஹெட்போன்ல 'க்ரேடில் ராக்' போட்டு கம்பி மேல குழாயை வச்சு இழைக்கிற அந்த ஸ்லைடு கிட்டாரை வலுக்கட்டாயமா மறந்துட்டு கீழ மட்டும் கேளுங்க. 22 வயசு பையன் வாசிச்சதுன்னு நம்ப முடியல. இவர் 1971-ல இருந்து 1991 வரைக்கும் இருபது வருஷம் ரோரி கூட இருந்தார், ட்ரம்மர் எத்தனை பேர் மாறினாலும் பேஸ் மாறவே இல்ல.

லூ மார்ட்டினை பத்தி தான் நிறைய பேர் பேசறதே இல்ல, அது எனக்கு நிஜமாவே வருத்தம். கிட்டார் ஹீரோ பேண்ட்ல கீபோர்டு எதுக்குன்னு கேக்கற ரசிகர்கள் இன்னிக்கும் இருக்காங்க, ட்ரியோ தான் ஒரிஜினல், நாலாவது ஆள் கூட்டம்னு சொல்லுவாங்க. அவங்க 'டாட்டூட் லேடி'யை அந்த எலெக்ட்ரிக் பியானோ இல்லாம நினைச்சு பாக்கட்டும். பாட்டோட சோகமே அந்த பியானோ சத்தத்துல தான் இருக்கு. அமெரிக்க ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸோட 'ஐ வொண்டர் ஹூ' மாதிரி மெதுவான ப்ளூஸ்ல இவர் செய்யறது பெரிய வேலை, ரோரி பாடி முடிக்கிற லைனுக்கும் அடுத்த லைனுக்கும் நடுவுல இருக்கிற சின்ன இடைவெளியில ரெண்டு மூணு நோட்டு வைப்பார், அவ்வளவுதான், பேசிக்கிட்டு இருக்கிறவருக்கு பக்கத்துல உக்காந்து ஊம் கொட்டற மாதிரி. ஊம் கொட்ட ஆள் இல்லன்னா கதை சொல்றவர் என்ன பண்ணுவார்?

எல்லாத்துக்கும் மேல 'எ மில்லியன் மைல்ஸ் அவே'. பழைய ஆல்பத்துல இதுக்கு முன்னாடி ரோரி மட்டும் தனியா வாசிக்கிற 'ஆஸ் த க்ரோ ஃப்ளைஸ்' வரும், அந்த ஆறு நிமிஷம் மூணு பேரும் சும்மா இருக்காங்க. அது முடிஞ்சு இந்த பாட்டு தொடங்கி பேண்ட் மெதுவா உள்ள வரும்போது, அடடா இவ்வளவு நேரம் ஏதோ குறைஞ்சிருந்துச்சேன்னு அப்பதான் உறைக்கும். கடலோரமா தனியா நிக்கிற ஒருத்தனோட பாட்டு அது, சிம்பலும் கீபோர்டும் சேர்ந்து அலை மாதிரி ஏறி ஏறி இறங்கும். இந்த ஒரு பாட்டை மூணு ஊர் டிஸ்க்லயும் தேடி தேடி எத்தனை தடவை போட்டேன்னு கணக்கு இல்ல.

பெல்ஃபாஸ்ட் டிஸ்க் பத்தி தனியா சொல்லணும். அந்த காலத்துல வட அயர்லாந்துல குண்டு வெடிப்பும் துப்பாக்கி சூடுமா இருந்துச்சு, வெளிய இருந்து வர்ற பெரிய பேண்ட்ல பல பேர் அந்த ஊரை விட்டுட்டு போயிட்டாங்க. ரோரி விடாம வந்து வாசிச்சார். மெக்அவாய்க்கு அது சொந்த ஊர், லூ மார்ட்டின் பிறந்ததும் அங்கதான், ரோரியும் டேஸ்ட் நாள்ல அங்க மாரிடைம்ங்கிற க்ளப்ல வாசிச்சு வளர்ந்தவர், ஆல்பம் கடைசியில அரை நிமிஷம் வர்ற துணுக்குக்கு அந்த பேர்தான். இதெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு அந்த கூட்டத்தோட சத்தத்தை கேட்டா எனக்கு உடம்பு சிலிர்க்குது.

குறைன்னு பார்த்தா, ஒரே பாட்டுங்க திரும்ப திரும்ப வரும். பொழுதுபோக்கா கேக்கறவங்களுக்கு மூணாவது 'க்ரேடில் ராக்' வரும்போது அலுப்பு தட்டும், அதை மறைக்க விரும்பல. மூணு ஹாலும் வேற வேற, சத்தமும் டிஸ்க்குக்கு டிஸ்க் மாறும். 7 டிஸ்க்கை ஒரே மூச்சுல கேக்காதீங்க, ஒரு நாளைக்கு ஒரு ஊர் போதும்.

இந்த நாலு பேர் கூட்டணி என்ன மாதிரின்னு புரிய ஒரு விஷயம். 1975 ஜனவரியில, புது கிட்டாரிஸ்ட் தேடிக்கிட்டு இருந்த இங்கிலாந்து ராக் பேண்ட் ரோலிங் ஸ்டோன்ஸ் கூப்பிட்டு ராட்டர்டாம்ல ரோரி அவங்களோட வாசிச்சு பார்த்தார். முடிஞ்சதும் ஜப்பான் டூருக்கு கிளம்பி வந்துட்டார், இந்த மூணு பேரோட. அதுக்கப்புறம் அதே வருஷம் ஒரு ஆல்பம், 1976-ல டீப் பர்ப்பிள் பேண்ட் பேஸிஸ்ட் ரோஜர் க்ளோவர் தயாரிச்ச 'காலிங் கார்டு', அதுல லூ மார்ட்டின் வாசிப்பு இன்னும் மெருகு. அப்புறம் சான் ஃப்ரான்சிஸ்கோவுல பண்ண ஒரு ஆல்பத்தை பிடிக்காம ரோரி மொத்தமா தூக்கி போட்டார், அது 2011-ல தான் வெளிய வந்துச்சு. அதோட டி'ஆத்தும் மார்ட்டினும் போயிட்டாங்க, 1978-ல டெட் மெக்கென்னா ட்ரம்ஸுக்கு வந்தார், மறுபடி ட்ரியோ. மெக்கென்னா அருமையான ட்ரம்மர், அடி பலமா நேரா இருக்கும், எனக்கு அவர் மேல மரியாதை உண்டு. ஆனா அந்த காலத்து லைவ் ரெக்கார்டு 'ஸ்டேஜ் ஸ்ட்ரக்'கை இந்த பாக்ஸுக்கு அடுத்து போட்டு பாருங்க, ஹார்ட் ராக்கா முறுக்கேறி நிக்குது, மூச்சு விட எடம் இல்ல. எனக்கு 1974 தான்.

லூ மார்ட்டின் 2012-ல இறந்துட்டார், டி'ஆத் 2014 ஆகஸ்ட்ல, இந்த பாக்ஸ் வந்த அதே வருஷம். ரோரி 1995-லயே, 47 வயசுல.

யார் வாங்கலாம்னா, ரோரியை இப்பதான் கேக்க ஆரம்பிக்கிறவங்க பழைய ஆல்பத்தோட நிறுத்திக்கலாம், அதுல எல்லாம் இருக்கு. பேஸ், ட்ரம்ஸ், கீபோர்டு வாசிக்கிறவங்க, பேண்ட் வச்சிருக்கிறவங்க, நீங்க யோசிக்காம பாக்ஸுக்கு போங்க. வந்ததும் சிட்டி ஹால் செஷன் டிஸ்க்கை முதல்ல போடாதீங்க, மூணு ஊரையும் முடிச்சுட்டு வாங்க. அதுக்குள்ள நாலு பேர் கையும் உங்களுக்கு பழகியிருக்கும், யாரு எப்ப யாருக்கு வழி விடறாங்கன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவீங்க.