எலக்ரிக் கிற்றாருக்குப் பொலிஷ்: யாழ்ப்பாண வெக்கைக்கு எது ஒத்துவரும், எது ஆகாது

பளபளப்பான பொலிப் பூச்சுள்ள (பொலியூரித்தேன் அல்லது பொலியெஸ்ரர் பூசிய) கிற்றாருக்கு ஒரேயொரு போத்தல் வாங்குவதென்றால் டன்லப் ஃபோர்மியூலா 65 ஐ வாங்குங்கள். அழுக்கெடுக்கிற சாமானும் கர்னௌபா என்ற பனைவகை மரத்து மெழுகும் ஒன்றாகக் கலந்த திரவம் அது. ஒரு தடவைக்கு இரண்டு மூன்று விசிறல் போதும் என்பதால் 118 மில்லிலீற்றர் போத்தல் ஒரு கிற்றாருக்கு வருடக்கணக்கில் காணும். ரவுனில் இசைக்கருவி விற்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம். டடாரியோ நிறுவனத்தின் ரிஸ்ரோர், புரொடெக்ட், ஷைன் என்ற மூன்று போத்தல்களும் நல்ல சாமான்தான். ஆனால் கிழமைக்கு ஒருக்கால் வாசிக்கிறவருக்கு மூன்றும் தேவையில்லை.

போத்தலை வாங்க முதல் கிற்றாரில் இருக்கிற பூச்சு என்னவென்று தெரிய வேண்டும். பொலிஷ் போட்டுப் பழுதான கிற்றார்களில் அனேகம் பூச்சுக்குப் பொருந்தாததைப் போட்டதால் பழுதானவை. ஸ்குவயர், எபிஃபோன், யமஹா பசிஃபிக்கா, இபானெஸ் போன்றவற்றில் பொதுவாக இருப்பது பொலியூரித்தேன் அல்லது பொலியெஸ்ரர். தடிப்பான, இறுகிய பூச்சு. இலேசில் எதுவும் அதைப் பாதிக்காது. அமெரிக்காவில் செய்த கிப்சனிலும் ஃபென்டரின் அமெரிக்கன் வின்ரேஜ் வகைகளிலும் நைட்ரோசெலுலோஸ் லக்கர் (சுருக்கமாக நைட்ரோ) இருக்கும். அது மெல்லியது, காலம் போகப் போக மஞ்சளிக்கும், மயிரிழைபோல வெடிக்கும், கரைப்பான்களுக்கு இளகிவிடும். சந்தேகமென்றால் பின்பக்க மூடியைக் கழற்றி, உள்ளே பூச்சுப் பட்டிருக்கிற ஓரத்தில், அசிட்டோன் தொட்ட காதுப்பஞ்சு ஒன்றை ஒரு பொட்டளவு வையுங்கள். ஒட்டுப்பட்டு இளகினால் லக்கர். ஒன்றும் நடக்காவிட்டால் பொலி. வெளியே தெரிகிற இடத்திலோ பிளாஸ்ரிக் பாகங்களுக்குக் கிட்டவோ இதைச் செய்யக்கூடாது.

ஒரே கிற்றாரிலேயே இரண்டு பூச்சு இருப்பதைக் கன பேர் கவனிப்பதில்லை. ஃபென்டர் பிளேயர் வகையை எடுத்தால் உடம்பு பளபளப்பான பொலியெஸ்ரர், கழுத்தின் பின்பக்கம் சற்றின் (அரைப் பளபளப்பு) யூரித்தேன். கையில் துணி இருக்கிறதே என்று பொலிஷைக் கழுத்துக்கும் சேர்த்து இழுத்தால், பெருவிரல் ஓடுகிற இடம் திட்டுத்திட்டாக மினுங்கத் தொடங்கும், வியர்த்தால் பிசுபிசுக்கும். சற்றின் பூச்சும் மினுக்கமேயில்லாத ‘மட்’ பூச்சும் மங்கலாக இருப்பதற்குக் காரணம் மேற்பரப்பில் இருக்கிற நுண்ணிய மேடுபள்ளங்கள். மெழுகு அந்தப் பள்ளங்களை நிரப்பிவிடும், தேய்க்கத் தேய்க்க மேடுகளும் மழுங்கும். மழுங்கியது திரும்பி வராது. ஆகவே சற்றின் பகுதிக்கு எந்தப் பொலிஷும் வேண்டாம். ஈரம் ஒற்றிய துணியும் உடனே ஒரு காய்ந்த துணியும் காணும்.

அந்த ஈரத்துக்குக் கிணற்றுத் தண்ணீரை எடுக்காதீர்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விடும், கறுப்புக் கிற்றாரில் அது தூரத்திலிருந்தே தெரியும். மோட்டார்ச் சாமான் கடையில் பற்றறிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கலாம். பற்றறி அசிட்டும் அதே கடையில் விற்பார்கள், லேபலைப் பார்த்து எடுங்கள்.

இனிப் போடுகிற முறை. சோளகம் அடிக்கிற மாதங்களில் மூடாமல் வைத்த கிற்றாரில் ஒரு நாளிலேயே நுண்மணல் படியும். அதற்கு மேலே பொலிஷை விசிறித் தேய்த்தால் நீங்கள் தேய்ப்பது மணற்தாளால். கடும் நிறக் கிற்றார்களில் வெளிச்சத்துக்குப் பிடித்தால் தெரிகிற வட்டக் கீறல்களில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான். எனவே முதலில் மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பிரிட்ஜைச் சுற்றியும் பிக்கப்புகளுக்கு இடையிலும் விசேடமாக. பிறகு மைக்ரோஃபைபர் துணியால் அமத்தாமல் துடையுங்கள். தோய்த்துத் தோய்த்து மெதுமையான பழைய பருத்திச் சாரத்துண்டும் நல்லது, தையலும் கரையும் வெட்டி எடுத்திருந்தால். ரிசூ வேண்டாம், அது மரக்கூழ், கீறும்.

பொலிஷைத் துணியில் விசிறுங்கள், கிற்றாரில் விசிறாதீர்கள். நேரே விசிறினால் திருகு ஓட்டைகளுக்குள்ளும் சுவிச்சுக்குள்ளும் இறங்கும். பிரிட்ஜ் திருகுகளைச் சுற்றி மெழுகு காய்ந்து வெள்ளையாக இறுகினால் பற்குச்சியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பகுதியாகத் தேய்த்து, அது காய முதல் இரண்டாவது துணியால் துடைத்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். வெயில் படுகிற விறாந்தையில் செய்தால் துடைக்க முதலே காய்ந்து கோடுகோடாக நிற்கும். காலையில், நிழலில் செய்வது நல்லது. இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் போதும். அதிகம் போட்டால் அதிகம் மினுங்காது. வியர்வையும் மெழுகும் படைபடையாக ஏறிப் பால் நிறத்தில் ஒரு மங்கல் வரும்.

அந்த மங்கலை எடுக்க நப்தா, அதாவது சிப்போ போன்ற லைற்றர்களுக்கு விடுகிற திரவம். துணியின் மூலையில் நாலைந்து துளி விட்டுத் துடைத்தால் மெழுகையும் எண்ணெய்ப் பிசுக்கையும் ஸ்ரிக்கர் பசையையும் எடுக்கும், நைட்ரோவையும் பழுதாக்காது. கதவு யன்னலைத் திறந்து வையுங்கள். கிட்டடியில் குத்துவிளக்கோ நுளம்புத்திரியோ எரியக்கூடாது. நப்தா இல்லையென்று மண்ணெண்ணெயைத் தொட்டால் எண்ணெய்ப் படை ஒன்று மிஞ்சும். பெற்றோல் வேண்டவே வேண்டாம்.

நைட்ரோ பூசிய கிற்றாருக்கு எங்கள் தீர்ப்பு: காய்ந்த துணி, எப்போதாவது நப்தா. வெடிப்பு விட்டிருந்தால் பால் நிறக் கிறீம் எதையும் கிட்ட எடுக்காதீர்கள். வெடிப்புக்குள் போய்க் காய்ந்த வெள்ளை வெளியே வராது.

கார் வக்ஸ் போடலாமா என்று கேட்பவர்கள் அதிகம். ஸ்ரான்லி வீதிப் பக்கம் மோட்டார்ச் சாமான் கடைகளில் இலேசாகக் கிடைக்கும் என்பதால் கேள்வி நியாயமானது. தேய்ப்புத்தூள் இல்லாத, கர்னௌபா மட்டுமே உள்ள வக்ஸ் பளபளப்பான பொலிப் பூச்சுக்குத் தாராளமாகப் போடலாம். விரல்நுனியளவு எடுத்து மெல்லிதாகப் பூசி, மங்கலானதும் துடைக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை காணும். வியர்வை பூச்சில் ஒட்டாமல் தடுப்பதில் ஃபோர்மியூலா 65 ஐ விட இது கன நாள் நிற்கும். ஆனால் டப்பாவில் கட்டிங், ரபிங், கொம்பவுண்ட் என்ற சொல் இருந்தால் அது கீறல் எடுக்கிற சாமான், பூச்சைக் கொஞ்சம் தேய்த்துத்தான் அந்த வேலையைச் செய்யும். செரமிக், சிலிக்கோன் என்று போட்டிருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

தளபாடத்துக்கு விசிறுகிற ஸ்பிறேக்களை ஒதுக்கச் சொல்வதும் அனேகமானவற்றில் சிலிக்கோன் எண்ணெய் இருப்பதால்தான். அது பூச்சைக் கரைக்காது. பிறகு வில்லங்கம் தரும். எங்காவது மோதிப் பூச்சுக் கழன்று திருத்தப் போனால், புது லக்கர் அந்த இடத்தில் பரவாமல் மீன்கண் மாதிரிக் குழிகுழியாக விலகி நிற்கும். எவ்வளவு தேய்த்தும் சிலிக்கோனை முழுக்க எடுப்பது கடினம். பிறாசோ, பற்பசை, சேர்ஜிக்கல் ஸ்பிரிற், நகப்பூச்சு எடுக்கிற திரவம் ஒன்றும் கிற்றாருக்கு உரியதல்ல.

ரோஸ்வூட் பிரெட்போர்டுக்கு (விரலால் கம்பியை அமத்துகிற பலகைக்கு) உடம்புப் பொலிஷைப் போடாதீர்கள். தேங்காயெண்ணெயும் வேண்டாம், அது மரத்துக்குள் நின்று சிக்கு மணம் பிடிக்கும், ஊத்தையையும் சேர்க்கும். டன்லப்பின் லெமன் ஒயில் ஆறு மாதத்துக்கு ஒருக்கால் சில துளி போதும். மேப்பிள் பிரெட்போர்டுக்கு அது கூடாது.

வாசித்து முடிந்ததும் முன்கை படுகிற இடத்தையும் கம்பிகளையும் துடைப்பதுதான் எங்கள் வெக்கையில் எல்லாப் பொலிஷையும் விடப் பெரிய வேலை செய்யும். கோயில் வீதியிலோ கலியாண வீட்டிலோ வாசிக்க ஏற முதல் நுளம்புக்குப் பூசிய கையைக் கழுவுங்கள். அதில் டீட் என்ற நுளம்பு விரட்டும் இரசாயனம் இருந்தால் லக்கரையும் பிளாஸ்ரிக்கையும் கரைக்கும், எந்த மெழுகும் அதைத் தடுக்காது. நைட்ரோக் கிற்றாரை இறப்பர் பிடித்த ஸ்ராண்டில் வைப்பதென்றால் படுகிற இடங்களில் பருத்தித் துணியைச் சுற்றிக் கட்டுங்கள், இறப்பர் பட்ட இடம் இளகித் தடம் விழும்.