வெள்ளை ஈக்கு எது சரி: ஹோஸ் பைப்பா, வேப்பெண்ணெயா, கடை மருந்தா?

மாசி பிறந்து பனி விட்டதும் புதுச்சேரி, கடலூர் பக்கம் வீட்டு மரத்தடிகளில் பிசுபிசுப்பு ஆரம்பித்துவிடும். தென்னைக்குக் கீழே நிறுத்தின வண்டியின் சீட்டில் கை வைத்தால் ஒட்டும். கொஞ்ச நாளில் கீழ்மட்டை, பக்கத்துக் கொய்யா, செம்பருத்தி எல்லாம் கரி பூசினமாதிரி கறுக்கும். பூஞ்சை நோய் என்று நினைத்து மருந்துக்கடைக்கு ஓடுபவர்கள்தான் அதிகம். அந்தக் கறுப்பு மரத்தைத் தாக்கிய நோய் இல்லை, வெள்ளை ஈ கழிக்கிற இனிப்புத் திரவத்தின் மேல் வளரும் பூசணம். அந்த ஈ இருப்பது ஓலையின் அடிப்பக்கம். சுருள் சுருளாக வெள்ளை மெழுகுக் கோடு தெரிந்தால், 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டறியப்பட்டுப் பரவிய சுருள் வெள்ளை ஈதான்.

எதை அடிக்கலாம் என்று கேட்கும் முன் ஒரு கீற்றை ஒடித்துத் திருப்பி, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒட்டிக்கிடக்கும் சின்னக் கூடுகள் வெளிறி இருந்தால் ஈ வளர்கிறது. கறுத்திருந்தால் உள்ளே இருப்பது ஈக்குஞ்சைத் தின்று அழிக்கும் என்கார்சியா என்ற பொடிக் குளவியின் புழு. காலிக்கூட்டில் ‘T’ வடிவக் கீறல் இருந்தால் ஈ வெளியேறியது. வட்டத் துளை என்றால் குளவி. கறுத்த கூடுகள் நிறைய இருக்கும் மரத்தில் நான் எதையும் அடிக்கச் சொல்ல மாட்டேன்.

கடையில் முதலில் கைக்கு வருவது இமிடாக்ளோபிரிட் மாதிரி மருந்து. ஈ சீக்கிரம் விழும், அதை மறுக்கவில்லை. கூடவே குளவியும் விழும். தப்பிய ஈ பெருகும்போது தடுக்க ஆள் இருக்காது. மறுபடி மருந்து, மறுபடி செலவு. இளநீர் வெட்டும் மரம், குழந்தைகள் விளையாடும் முற்றம், பூத்து நிற்கும் புங்கமரத்துக்கு வரும் தேனீ, இதையெல்லாம் கணக்கில் எடுத்தால் வீட்டு மரத்துக்கு இது கடைசி இடம்கூட இல்லை.

வேப்பெண்ணெய் பரவாயில்லை, ஆனால் எட்டும் உயரத்துக்குத்தான். லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், அது தண்ணீரில் கலக்கக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். சோப்பில்லாமல் ஊற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும். தெளிப்பானில் வெறும் தண்ணீர்தான் வரும். அடிப்பக்கம் நனையவேண்டும், இளங்குஞ்சு இருக்கும்போது அடிக்கவேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் தளிர் கருகும். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறினால் பாதி பக்கத்து வீட்டு மாடித் துணிக்குப் போகும். அதனால் விடியற்காலைதான். நாற்பது அடித் தென்னைக்குக் கைத்தெளிப்பானோடு நிற்பது வீண் வேலை.

என் ஓட்டு ஹோஸ் பைப்புக்கு. மோட்டார் அழுத்தத்தில் அடிமட்டைகளின் கீழ்ப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சினால் ஈயும் மெழுகும் உதிரும், பிசுக்கும் கழுவிப்போகும், மரத்தில் விஷமும் தங்காது. குறை என்னவென்றால் ஒரே நாளில் முடியாது. சில வாரம் விட்டுவிட்டு அடிக்கவேண்டும், தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள தெருவில் இது நடக்காது. உயரமான மரத்தில் கீழ்மட்டைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். இந்த ஈ முற்றிய மட்டைகளில்தான் அதிகம்.

விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையைப் பாகூர்ப் பக்கத் தோப்புகளுக்கு விட்டுவிடலாம். பறக்கும் ஈயைப் பிடிக்கும், ஓலையில் ஒட்டிய குஞ்சைத் தொடாது, நல்ல பூச்சியும் அதில் மாட்டும். ஒற்றை மரத்தில் கட்டினால் ஈ வந்துவிட்டதா என்று பார்க்க உதவும், அவ்வளவுதான். மைதாப் பசை வேறு கணக்கு: லிட்டருக்கு 25 கிராம் கொதிக்கவைத்து ஆறவைத்துத் தெளித்தால், காய்ந்து உரியும்போது கறுப்பும் சேர்ந்து உரியும். ஈ சாகாது. ஈ குறைந்தபின் இலை வெளிச்சம் வாங்குவதற்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

செம்பருத்தியிலும் ஈழத்தலரியிலும் வரும் பஞ்சுமாதிரி மாவுப்பூச்சிக்கு இந்த வரிசை பொருந்தாது. அங்கே கத்தரிக்கோல்தான் முதல் மருந்து. அப்பிய நுனியை வெட்டிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட்டுவிட்டு, தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். இனிப்புக்காக எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும். எறும்பு வழியை அடைக்காமல் எதைத் தெளித்தாலும் பாதி வேலைதான் நடக்கும்.