2ஏ:1பி-யா, 2ஏ:1டி-யா? ரெப்ளிகேஷன் ஸ்டோரேஜோடு ஆறு வருடம்

போன வாரம் பழைய டீம் நண்பன் ஒருவன் கூப்பிட்டான். அவன் கம்பெனியில் இரண்டு சைட்டுக்கு நடுவே ரெப்ளிகேஷனோடு (ஒரு சைட்டில் எழுதுகிற டேட்டாவை அடுத்த சைட்டிலும் நகலாக வைப்பது) ஸ்டோரேஜ் வாங்கப் போகிறார்கள். நாங்கள் வைத்திருக்கும் அர்ரேயின், அதாவது டிஸ்க்குகளை அடக்கிய ஸ்டோரேஜ் பெட்டியின், அடுத்த மாடலுக்கு விலை நன்றாக இறங்கியிருக்கிறதாம். "ஆறு வருஷமா ஓட்டுறியேடா, வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லு" என்றான். எனக்கு ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் டிஆர் டிரில் (ஒரு சைட் விழுந்தால் அடுத்த சைட்டில் வேலையை எழுப்பிப் பார்க்கிற ஒத்திகை) முடித்து விடியற்காலை நாலரைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். அம்பத்தூரில் ஒரு அர்ரே, சிறுசேரியில் ஒன்று. கேபிள் போகிற வழியைக் கணக்கிட்டால் 60 கிலோமீட்டர். சின்க்ரனஸ் ரெப்ளிகேஷன், அதாவது அம்பத்தூரில் எழுதியது சிறுசேரியிலும் போய்ச் சேர்ந்த பிறகுதான் சர்வருக்கு "எழுதியாச்சு" என்று பதில் வரும். ஃபைபரில் ஒளிக்குக் கிலோமீட்டருக்கு 5 மைக்ரோசெகண்ட் பிடிக்கும். போய்வர 0.6 மில்லிசெகண்ட். டேட்டாபேஸ் டீம் முதல் மாதம் முழுக்க இந்தக் கணக்கைச் சொல்லியே எங்களைப் பயமுறுத்தியது. அப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை. இத்தனை வருடத்தில் டிஸ்க் பல போயிருக்கின்றன, ஒரு கன்ட்ரோலர் போர்டே போனது. அதைப் பகல் 11 மணிக்கு, வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றினார்கள். ஃபைபர் கேபிளைக் கையால் பிடுங்கிப் பார்த்திருக்கிறேன், மல்டிபாத் (ஒரே டிஸ்க்குக்குப் போகும் பல பாதைகளைச் சேர்த்து நிர்வகிக்கும் மென்பொருள்) அடுத்த பாதைக்குத் தாவிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. டேட்டா ஒரு பைட் தொலைந்ததில்லை.

என்னை ஆறு வருடமாகப் படுத்துவது ஒன்றே ஒன்று. சர்வரில் தெரிகிற டிவைஸ் ஃபைல் (டிஸ்க்குக்குச் சர்வர் வைக்கும் பெயர்) அர்ரேயில் எந்த டிஸ்க், அந்த டிஸ்க்கின் ஜோடி அடுத்த சைட்டில் எது, அந்த ஜோடியை அங்கே இருக்கிற சர்வர் எந்தப் பெயரில் பார்க்கிறது? இந்த நாலு கண்ணியையும் சேர்த்து ஒரே வரியில் காட்டுகிற இடம் இந்தப் பெட்டியிலும் இல்லை, அதோடு வந்த சாஃப்ட்வேரிலும் இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எங்கள் கிளஸ்டரில் (ஒன்று விழுந்தால் இன்னொன்று வேலையை எடுத்துக்கொள்ளும் சர்வர் கூட்டம்) ஒவ்வொரு சர்வருக்கும் 48 லன், அதாவது அர்ரே சர்வருக்குக் காட்டும் டிஸ்க், கொடுத்திருக்கிறோம். ஒரு லன்னுக்கு 8 பாதை. லினக்ஸ் ஒவ்வொரு பாதையையும் தனி டிஸ்க்காகத்தான் பார்க்கும். ஆக 384 டிவைஸ் ஃபைல். எஸ்டிஏ, எஸ்டிபி என்று ஆரம்பித்து, 26 எழுத்தும் தீர்ந்து இரட்டை எழுத்துக்குப் போய்விடும். அந்தப் பெயர்களும் டிஸ்க் கண்ணில் படுகிற வரிசைப்படி வைக்கப்படுபவை. இன்றைக்கு எஸ்டிபிகே என்று இருப்பது ரீபூட்டுக்கு அப்புறம் வேறு லன்னாக இருக்கலாம். அதனால் மல்டிபாத் இந்தப் பெயர்களை நம்புவதில்லை. டிஸ்க்கிடமே "நீ யார்?" என்று கேட்டு, அது தருகிற டபிள்யூடபிள்யூஐடி என்கிற அடையாள எண்ணை வைத்து எட்டு பாதையையும் ஒன்றாகக் கட்டுகிறது. 33 எழுத்து நீளம். எங்கள் அர்ரேயில் அதன் கடைசி நாலு எழுத்துதான் அர்ரேக்குள் அந்த டிஸ்க்கின் எண். ஒரு சைட்டுக்குள் மட்டும் இருந்தால் இதோடு பிரச்சினை முடிந்தது.

இரண்டாவது சைட் வந்ததும் கதை மாறுகிறது. சிறுசேரியில் இருக்கும் பிரதி வேறொரு அர்ரேயில் இருக்கும் வேறொரு டிஸ்க், ஆகவே அதன் டபிள்யூடபிள்யூஐடியும் வேறு. உள்ளே இருக்கும் டேட்டா மட்டும் அப்படியே அச்சு. எல்விஎம் (டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நிர்வகிக்கும் லினக்ஸ் மென்பொருள்) தன் டிஸ்க் மேல் எழுதிவைக்கும் யூயூஐடி என்கிற அடையாளமும் டேட்டாவோடு சேர்ந்து நகலாகிவிடும். முகவரி வேறு, குடியிருப்பவர் ஒருவரே. அதனால்தான் ஃபெயில்ஓவர் ஆனதும், அதாவது வேலை அடுத்த சைட்டுக்கு மாறியதும், சிறுசேரி சர்வரில் எல்விஎம் தன் டிஸ்க்குகளைத் தானே தேடி எடுத்துக்கொள்கிறது, டிவைஸ் பெயர் எதுவாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. இந்த அழகை முதல் டிரில்லில் பார்த்தபோது உண்மையிலேயே புல்லரித்தது. இன்றைக்கும் எனக்கு அது பிடிக்கும்.

ஆனால் எது எதற்கு ஜோடி என்பது அர்ரேக்கு மட்டும்தான் தெரியும். அதை அர்ரே தன் எண்ணில்தான் பேசும். இங்கேதான் என் கோபம் ஆரம்பிக்கிறது. அர்ரேயின் நிர்வாகத் திரையில் டிஸ்க் எண் 2ஏ:1டி என்று ஹெக்ஸில் (0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரை போகும் 16-இன் கணக்கு) வரும். சர்வரில் ஓடும் ரெப்ளிகேஷன் கட்டளையில் அதே டிஸ்க் 10781 என்று தசம எண்ணாக வரும். ஒரே நிறுவனம் செய்த இரண்டு கருவி, ஒரே டிஸ்க், இரண்டு எண். ஆப்ஷன் ஒன்று சேர்த்தால் ஹெக்ஸில் காட்டும், அது எனக்கும் தெரியும். இரவு இரண்டு மணிக்கு யாராவது ஒருவர் அதைச் சேர்க்க மறப்பார் என்பதும் எனக்குத் தெரியும். டிவைஸ் ஃபைல்களைக் கொடுத்தால் எது எந்த எண் என்று சொல்கிற கட்டளையும் உண்டு. அது 384 வரி கொட்டும், ஏனென்றால் அதற்கு மல்டிபாத் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எல்விஎம்மைக் கேட்கவே வேண்டாம். இரண்டு சைட்டிலும் தனித்தனி கான்ஃபிக் ஃபைல், இரண்டிலும் ஜோடிப் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும், எண்கள் அந்தந்தப் பக்கத்துடையவை. இதையெல்லாம் எழுதுவது மனிதன், கையால்.

இனி அந்த டிரில் இரவு.

டேட்டாபேஸ் வால்யூம் குரூப்பில் (எல்விஎம் ஒன்றாகக் கட்டிய டிஸ்க் தொகுப்பு) 12 டிஸ்க். அம்பத்தூரை நிறுத்தி, சிறுசேரியில் டேக்ஓவர் கொடுத்தோம். அர்ரே பக்கம் எல்லா ஜோடியும் பச்சை. பிரதி டிஸ்க்குகள் எழுதும் நிலைக்கு வந்தன. இங்கேயும் ஒரு சள்ளை உண்டு. அர்ரே எழுதவிட்டாலும் லினக்ஸ் பழைய "படிக்க மட்டும்" என்ற நினைப்பிலேயே இருந்துவிடுகிறது, அதனால் பாதை ஒவ்வொன்றையும் ரீஸ்கேன் செய்து மல்டிபாத்தை மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கு ஸ்கிரிப்ட் இருந்தது, ஓடியது. வால்யூம் குரூப்பை ஏற்றும்போது எல்விஎம் ஒரு யூயூஐடியைச் சொல்லி, இந்த டிஸ்க்கைக் காணோம் என்றது. 12-க்கு 11 தான் வந்திருந்தது.

சர்வரில் எண்ணிப் பார்த்தால் லன் 48 சரியாக இருக்கிறது. எல்லாவற்றிலும் எட்டு பாதை. அப்படியென்றால் ஒரு டிஸ்க் இருக்கிறது, அதில் டேட்டா இல்லை. எது என்று தேட முக்கால் மணி நேரம். ஐந்து மாதம் முன்னால் இடம் பற்றாமல் கடைசியாகச் சேர்த்த லன்தான் அது. அடையாள எண்ணின் கடைசி நாலு எழுத்து 2ஏ1டி. அதன் முதல் சில செக்டரை (டிஸ்க்கில் டேட்டா எழுதும் சிறு கட்டம்) எடுத்துப் பார்த்தேன். எல்விஎம் டிஸ்க்காக இருந்தால் இரண்டாவது செக்டரின் தொடக்கத்தில் "லேபிள்ஒன்" என்ற எட்டு ஆங்கில எழுத்து இருக்க வேண்டும். திரை முழுக்க பூஜ்யம். அந்த வரிசை வரிசையான பூஜ்யங்களைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. உண்மையான விபத்தாக இருந்திருந்தால்?

ஜோடிப் பட்டியலை மறுபடி எடுத்தேன். பன்னிரண்டாவது ஜோடியின் சிறுசேரிப் பக்கம் 10779. எதிரே சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் ஹெக்ஸ். போனில் கால்குலேட்டரைத் திறந்து மாற்றிப் பார்த்தேன்: 2ஏ1பி. அர்ரே ஐந்து மாதமாக, ஒரு நொடி விடாமல், மிக ஒழுங்காக, தவறான டிஸ்க்குக்கு நகலெடுத்துக்கொண்டிருந்தது. 1பி அங்கே பேக்கப் சர்வருக்காக ஒதுக்கிய குழுவில் இருந்தது. அளவும் அதே அளவு, அதனால் ஜோடி சேர்க்கும்போது அர்ரே மறுப்பு சொல்லவில்லை. பேக்கப் சர்வரில் போய் 1பி-யின் இரண்டாவது செக்டரைப் பார்த்தேன். லேபிள்ஒன். அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த டிஸ்க்கை டேட்டாபேஸ் சர்வருக்கு மாற்றிக் கொடுத்து, ரீஸ்கேன் செய்து, குரூப்பை ஏற்றி, டேட்டாபேஸ் எழுந்து நின்றபோது மணி மூன்றரை.

எப்படி நடந்தது என்று மறுநாள் விசாரித்தோம். ஜோடி சேர்த்த அன்று சிறுசேரியில் இருந்த தம்பி போனில் எண்ணைப் படித்திருக்கிறான், அம்பத்தூரில் இருந்தவர் எழுதியிருக்கிறார். டேட்டா சென்டரில் ஃபேன் சத்தத்துக்கு நடுவே "டி" என்பது "பி" என்று கேட்கும். "அண்ணா, நான் டின்னுதான் சொன்னேன்" என்று அவன் கண் கலங்கினான். அவனை ஒரு வார்த்தை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு எழுத்துக்கு நடுவே ஒரு நிறுவனத்தின் டேட்டாபேஸையே நிறுத்தி வைக்கிற ஏற்பாட்டைச் செய்தது அவன் இல்லையே. இப்போது எண்ணைப் படிக்கும்போது பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி என்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம்.

நியாயமாகப் பேசினால், அர்ரே தனக்குச் சொன்னதைச் செய்தது. கிளஸ்டர் மென்பொருளும் தன் வேலையைச் செய்தது, வால்யூம் குரூப் ஏறவில்லை என்றதும் நின்றுகொண்டது. அரைகுறை டேட்டாவோடு ஏற்றி நாசம் செய்யவில்லை. அதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் தயாரித்த நிறுவனத்தின் சப்போர்ட்டில் புகாராகக் கேஸ் போட்டபோது எல்லாம் வடிவமைத்தபடியே இயங்குகிறது என்று பதில் அனுப்பி மூடிவிட்டார்கள். அந்தப் பதில்தான் எரிகிறது. ஜோடியின் ஒரு பக்கம் டேட்டாபேஸ் சர்வரிடமும் மறுபக்கம் பேக்கப் சர்வரிடமும் இருப்பது அந்த அர்ரேக்குத் தெரியும். இரண்டு பக்கத்துப் பட்டியலையும் அதுதான் வைத்திருக்கிறது. ஒரு மஞ்சள் எச்சரிக்கை போட்டிருக்கலாம்.

இந்தத் துறைக்கு வந்த புதிதில் எச்பி-யூஎக்ஸில் (எச்பி நிறுவனத்தின் யூனிக்ஸ்) இருந்தேன். சி12டி0டி3 மாதிரிப் பெயர்கள், கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் பெயரும் மாறிவிடும். 2007-இல் 11ஐ மூன்றாம் பதிப்பு வந்தபோது லன்னுக்கு நிலையான ஒரே பெயர் கிடைத்தது. பழைய பெயர் எது, புதுப் பெயர் எது என்று பக்கத்தில் பக்கத்தில் காட்ட ஐயோஸ்கேன் என்ற கட்டளையில் ஒரு ஆப்ஷனே கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு அது பண்டிகை மாதிரி இருந்தது. ஒரு சர்வருக்குள் அன்றே முடிந்துபோன காரியம் இரண்டு அர்ரேக்கு நடுவே இன்னும் மனிதன் கையில் இருக்கிறது என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இப்போது நாங்களே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறோம். இரண்டு சைட்டிலும் மல்டிபாத் பட்டியல், எல்விஎம் பட்டியல், அர்ரேயின் ஜோடிப் பட்டியல் மூன்றையும் எடுத்து, எல்லா எண்ணையும் ஹெக்ஸாக்கி, கடைசி நாலு எழுத்தை வைத்துக் கோக்கும். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் காலை ஆறு மணிக்கு எனக்கு மெசேஜ் வரும். மல்டிபாத்தில் இரண்டு சைட்டிலும் ஒரே மாற்றுப்பெயர் வைத்துவிட்டோம். டபிள்யூடபிள்யூஐடி வேறாக இருந்தாலும் டேட்டா12 என்பது அம்பத்தூரிலும் டேட்டா12, சிறுசேரியிலும் டேட்டா12. இந்தச் சின்ன வசதியை முதல் நாளே செய்திருந்தால் பாதிப் புலம்பல் இருந்திருக்காது. நண்பன் எந்தப் பெட்டி வாங்கினாலும் இதை முதலில் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

வாங்கலாமா என்றால், டேட்டாவைக் காப்பதில் இதைவிட நல்ல பெட்டியை நான் தொட்டதில்லை. ஆனாலும் அவனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். விலை இறங்கியதற்காக வாங்காதே, டெமோவுக்கு வரும்போது இரண்டு பக்கமும் வேறு வேறு சர்வரிடம் இருக்கிற மாதிரி வேண்டுமென்றே ஒரு ஜோடியைத் தவறாகச் சேர்த்துக் காட்டு, பெட்டி வாயைத் திறக்கிறதா பார், திறந்தால் அப்புறம் பேசலாம் என்றேன். அடுத்த மாதம் டெமோவாம். என்னையும் கூப்பிட்டிருக்கிறான், லீவு போட்டுவிட்டுப் போகப் போகிறேன்.