32 ஜிபி கார்டு என்றார்கள், உள்ளே இருந்தது 7.4

டேட்டா லாகருக்கு (சென்சார் அளவீடுகளைத் தொடர்ந்து பதிந்து வைக்கும் கருவி) மெமரி கார்டு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு மோட்டாரின் பேரிங் அதிர்வைப் பதிய ஈஎஸ்பி32 என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் ஆக்ஸிலரோமீட்டர் என்ற அதிர்வு சென்சார் வைத்திருந்தேன். வினாடிக்கு 1000 அளவீடு, எப்போது எடுத்தது என்று சொல்லும் நேர முத்திரையோடு ஒவ்வொன்றும் 10 பைட். நாளுக்கு 864 எம்பி. நள்ளிரவானால் புதுக் கோப்பு. 32 ஜிபி கார்டு ஒரு மாதத்துக்குத் தாராளம் என்று கணக்குப் போட்டேன்.

மாதம் முடிந்து பார்த்தால் 30 கோப்பும் இருந்தன, அளவும் அச்சு அசலாகச் சரி. ஆனால் பத்தாம் நாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு மேல் வரைபடம் வெறும் நேர்கோடு. கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் 00 00 00 என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது.

சென்சார் செத்துவிட்டது என்று முடிவுகட்டினேன். இங்கேதான் கோட்டை விட்டேன். சென்சார் செத்தாலும் நேர முத்திரை ஓடியிருக்க வேண்டுமே? அதுவும் பூஜ்ஜியம். அது கண்ணில் படவே இல்லை.

சென்சாரை மாற்றினேன். போர்டும் கார்டும் பேசிக்கொள்ளும் எஸ்பிஐ இணைப்பின் வேகத்தை 20 மெகாஹெர்ட்ஸிலிருந்து 4-க்குக் குறைத்தேன். கார்டு எழுதும்போது மின்னோட்டம் எகிறும் என்பதால் 3.3 வோல்ட் வரியில் பெரிய கெப்பாசிட்டர் வைத்தேன். நினைவகத்தில் காத்திருக்கும் தரவை உடனே கார்டில் எழுதவைக்க வினாடிக்கு ஒருமுறை ஃப்ளஷ் போட்டேன். ஒவ்வொரு முறையும் கார்டை ஃபார்மட் செய்து இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பேன், பிரமாதமாக ஓடும். ஓடாமல் என்ன செய்யும்? ஃபார்மட் செய்தால் எழுதுவது மறுபடி முதலிலிருந்துதானே தொடங்குகிறது. அப்புறம் நிஜமாகப் பதியவிட்டால் அதே பத்தாம் நாள்.

கடைசியில் கார்டின் கொள்ளளவைச் சோதிக்கும் எஃப்3 என்ற நிரலால் கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்தேன். உண்மையான இடம் 7.4 ஜிபி. கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப்பை 32 என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். அந்த எல்லையைத் தாண்டி எழுதினாலும் 'சரி, எழுதிவிட்டேன்' என்றே பதில் தருகிறது. நிரலில் பிழைச் சோதனை எத்தனை வைத்தும் பயனில்லை. சில போலிகள் சுற்றி வந்து முதலில் எழுதியதன் மேலேயே எழுதும். அப்போது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் ஃபேட் அட்டவணையே போய்விடும்.

பத்து நொடிக்கு ஒருமுறை வெப்பநிலை பதிகிறவருக்குத் தரவு கொஞ்சம்தான் என்பதால் இது வருடக்கணக்கில் தெரியவே தெரியாது. விற்கிறவர்களுக்கு அது வசதி.

விற்றவரிடம் கேட்டால், "கம்ப்யூட்டர்ல 32ன்னுதானே காட்டுது? உங்க புரோகிராம்லதான் தப்பு" என்றார். எஃப்3 முடிவைப் படமெடுத்து அனுப்பினேன். மாற்றுக் கார்டு வந்தது. இந்த முறை பெட்டியிலிருந்து எடுத்ததும் முதல் வேலையாகச் சோதித்தேன். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற நிரலும் இதே வேலையைச் செய்யும், சில மணி நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

மாற்றுக் கார்டும் 7.4. பணம் கேட்டு எழுதிய மூன்று கடிதங்களுக்குப் பதில் இல்லை. கார்டு மட்டும் இன்றும் விற்பனையில் இருக்கிறது, இப்போது 64 ஜிபியிலும்.