ஜாக் ரஸ்ஸல் டெரியர்: குரைப்பு நிற்காது, தெரிந்துகொண்டு வாங்குங்கள்

போன வாரம் தச்சரை வரவழைத்து, எங்கள் சோபாவின் அடிப்பக்கம் முழுக்கப் பலகை அடித்து மூடிவிட்டோம். பார்க்க சகிக்கவில்லை. வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் என்ன இது என்று கேட்டார். நாய்தான் காரணம் என்று சொல்லி முடிப்பதற்குள், "நானும் ஒரு ஜாக் ரஸ்ஸல் வாங்கலாம்னு இருக்கேன், சின்ன நாய்தானே, தொந்தரவு இருக்காதுல்ல?" என்றார். இப்படி ஒன்றோடு பல வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவன் என்ற முறையில், அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். நிதானம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியவில்லை.

உயரம், எடை, நிறமெல்லாம் தேடினாலே கிடைக்கும். சர்வதேச இன வரையறைப்படி 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரம். ஒவ்வொரு 5 சென்டிமீட்டருக்கும் ஒரு கிலோ. அதாவது ஐந்தாறு கிலோ. இதிலெல்லாம் எனக்குப் புகார் இல்லை. என் புகார் பந்து பற்றியது.

பந்து சோபாவுக்கு அடியில் போய்விட்டால் இவன் குரைப்பான். வாசலில் ஆள் வந்தால் குரைப்பது வேறு. அது சட்டென்று ஏறி, ஆள் உட்கார்ந்ததும் அடங்கிவிடும். இது அப்படி இல்லை. முன்னங்கால்களைத் தரையில் பரப்பி, மூக்கைச் சந்துக்குள் நுழைத்து, ஒரே சுருதியில், ஒரே இடைவெளியில், வவ்... வவ்... வவ். அதட்டினால் நிற்காது. தின்பண்டத்தைக் காட்டினால் வாங்கித் தின்றுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வான். யாராவது தரையில் படுத்து, துடைப்பக் கட்டையை உள்ளே விட்டு, பந்தை வெளியே தள்ளும்வரை ஓயமாட்டான். தள்ளிக் கொடுத்த பிறகாவது விடுவானா? வாயில் கவ்விக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டு, அதே சந்துக்கு வந்து மூக்காலேயே உள்ளே உருட்டிவிடுவான். கைதவறி நடப்பது இல்லை இது. வேண்டுமென்றேதான் தள்ளுகிறான்.

கொழுப்பு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இந்த இனத்தின் பூர்வீகத்தைப் படித்தால் கோபம் கொஞ்சம் தணியும். கொஞ்சம்தான்.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஜான் ரஸ்ஸல் என்றொரு பாதிரியார் இருந்தார் (1795–1883). ஜெபம் செய்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் நரி வேட்டை. ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1819-இல், ஒரு பால்காரரிடமிருந்து ட்ரம்ப் என்ற பெட்டை நாயை வாங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. வெள்ளை உடம்பு, கண்ணிலும் காதிலும் பழுப்புத் திட்டு, வால் தொடங்கும் இடத்தில் காசு அளவுக்கு ஒரு புள்ளி. அவர் வளர்த்தெடுத்த டெரியர் வழி அவளிடமிருந்து தொடங்குகிறது.

அந்த நாய்களின் வேலை என்ன? பெரிய வேட்டை நாய்கள் விரட்டும்போது நரி வளைக்குள் புகுந்துவிடும். அங்கே நுழைய ஒடுங்கிய மார்புள்ள சின்ன நாய் வேண்டும். அது நரியைக் கொல்லக் கூடாது. கொன்றால் அன்றைய வேட்டை அதோடு சரி. மிரட்டி வெளியே கிளப்ப வேண்டும். நரி கிளம்ப மறுத்தால் அதன் எதிரிலேயே நின்று, பின்வாங்காமல், குரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே மண்வெட்டியோடு நிற்கிறவர்கள் தரையில் காதை வைத்துச் சத்தம் வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு நேர் மேலே தோண்டுவார்கள். பாதியில் வாயை மூடிக்கொள்கிற நாயால் யாருக்கும் பயன் இல்லை. விடாமல் குரைக்கிற நாய்களிடமிருந்துதான் தலைமுறை தலைமுறையாகக் குட்டி எடுத்தார்கள்.

இப்போது என் சோபாவைப் பாருங்கள். சந்துதான் வளை, பந்துதான் நரி. துடைப்பக் கட்டையோடு தரையில் படுத்திருக்கிற நான்தான் மண்வெட்டிக்காரன். கூப்பிட்டால் ஆள் வருகிறது, தோண்டுகிறது, நரி கிளம்புகிறது. அவன் கணக்கில் எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது.

நாய் இனங்களை அங்கீகரித்துப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப் இந்த மாதிரி நாய்களுக்கு எர்த்டாக் என்று ஒரு தேர்வு வைத்திருக்கிறது. அதன் ஜூனியர் நிலையில் 30 அடி நீளச் சுரங்கம். முடிவில் பத்திரமான கூண்டுக்குள் எலி. எலிக்கு ஒன்றும் ஆகாது. நாய் அங்கே போய் 60 விநாடி விடாமல் வேலை பார்த்தால் தேறிவிடும். வேலை என்றால் குரைப்பது, பிராண்டுவது, கம்பியைக் கடிப்பது. எங்கள் வீட்டில் திட்டு வாங்கித்தரும் அத்தனைக்கும் அங்கே பாஸ். அதுவும் அறுபதே விநாடி! இவனுக்கு அது தொண்டையைச் செருமுகிற நேரம்.

கூப்பிட்டால் வராத குணமும் இதே வளையிலிருந்து வந்ததுதான். மண்ணுக்குள் எஜமானின் குரல் எட்டாது. என்ன செய்வது என்று நாயே முடிவெடுக்க வேண்டும். ஆகவே வேலி இல்லாத இடத்தில் நீளக் கயிறு இல்லாமல் அவிழ்த்துவிடாதீர்கள். அணில் ஓடினால் உங்கள் பெயர், அவன் பெயர் எல்லாம் அவனுக்கு மறந்துவிடும். வீட்டில் வெள்ளெலி, முயல் இருந்தால் இந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள்.

குரைப்புக்கு என்ன செய்தோம்? குரைத்தால் ஷாக் அடிக்கும் மின்சாரக் கழுத்துப்பட்டை வாங்கச் சொன்னவர்கள் உண்டு. வேல்ஸில் 2010-லேயே தடை செய்த சாமான் அது; எங்கள் வீட்டுக்குள்ளும் வராது. ஓட வைத்துக் களைப்படையச் செய்யலாம் என்பார்கள். தினமும் ஓட வைத்தால் களைப்பு வராது, ஓட்டக்காரன்தான் உருவாவான். கொஞ்சமாவது பலித்தது மூக்கு வேலை. உணவைத் தட்டில் போடாமல் பழைய துண்டுக்குள் சுருட்டியும், அட்டைப்பெட்டிக்குள் கசக்கிய காகிதத்தோடும் ஒளித்து வைத்தால், கால் மணி நேரம் மோந்து தேடிவிட்டு அவனாகவே போய்ப் படுக்கிறான். அப்புறம், பந்தை எந்நேரமும் தரையில் கிடக்க விடுவதில்லை. விளையாடுகிற நேரம் எடுப்போம், முடிந்ததும் பூட்டி வைப்போம். பலகை அடித்ததில் சோபாப் பிரச்சினை முடிந்தது. இப்போது ஃபிரிட்ஜுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறான்.

மற்ற பராமரிப்பு சுலபம்தான். வழவழப்பான முடியுள்ள வகைக்கு வாரம் ஓரிரு முறை ரப்பர் பிரஷ் போதும். ஆனால் முடி சின்னதாக இருப்பதால் கொட்டாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருடம் முழுக்கக் கொட்டும். துணியில் ஊசி மாதிரி குத்திக்கொண்டு நிற்கும். சொரசொரப்பு முடி வகைக்கு முற்றிய முடியைக் கையால் உருவி எடுக்க வேண்டும். மெஷின் போட்டு வெட்டினால் முடி மென்மையாகி, மழையையும் சேற்றையும் தள்ளும் தன்மை குறைந்துவிடும். பல் தேய்ப்பதை விடக் கூடாது. சின்ன நாய்களுக்குப் பல்லில் காரை சீக்கிரம் படியும். எடையைப் பார்க்க எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. முன்னங்காலுக்குப் பின்னால் மார்பை இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடிக்க முடிய வேண்டும் என்பது வரையறையிலேயே இருக்கும் விதி, வளைக்குள் நுழைய வேண்டுமே. விரல்கள் விலக ஆரம்பித்தால் சாப்பாட்டைக் குறைக்கிறோம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் நல்லதும் நிறைய இருக்கிறது. உடம்பு இரும்பு. பிரிட்டனில் ராயல் வெட்டெரினரி காலேஜ் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கிட்ட இனங்களிலேயே பிறப்பின்போதான சராசரி ஆயுள் அதிகம் இருந்தது ஜாக் ரஸ்ஸலுக்குத்தான்: 12.72 வருடம். பிரெஞ்சு புல்டாக்குக்கு 4.53. அது மட்டுமா? பயம் என்றால் என்னவென்று தெரியாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது, திட்டியதை மனதில் வைத்துக்கொள்ளாது. ராத்திரி போர்வைக்குள் தலையால் முட்டிப் புகுந்து, முழங்காலுக்குப் பின்னால் சுருண்டு படுக்கும். அதுவும் வளை தேடுகிற புத்திதான், ஆனால் அதற்கு நான் புகார் சொல்லமாட்டேன்.

கண்காட்சி அழகுக்காக யாரும் இதைக் கெடுக்காமல் விட்டதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ரஸ்ஸல் 1873-இல் இங்கிலாந்து கென்னல் கிளப்பின் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர். ஆனால் தன் நாய்களுக்கும் கண்காட்சி நாய்களுக்கும் உள்ள வித்தியாசம் காட்டு ரோஜாவுக்கும் தோட்டத்து ரோஜாவுக்கும் உள்ளது என்று சொன்னதாக எழுதிவைத்திருக்கிறார்கள். வேலை நாய் பிரியர்கள் கிளப் அங்கீகாரமே வேண்டாம் என்று மல்லுக்கட்டினார்கள். அந்த கிளப் ஜாக் ரஸ்ஸலைத் தனி இனமாக ஏற்றதே 2016-இல்தான். கால் உயர்ந்த பார்சன் ரஸ்ஸல் தனி இனம், அதற்கு முன்பே ஏற்கப்பட்டது, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு நண்பருக்கு நான் சொன்ன பதில்: வாங்க வேண்டாம். அவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர், நாள் முழுக்க ஃபோனில் பேசுகிறவர். பக்கத்து வீட்டுச் சுவர் மெலிசு. நேற்று ஃபிரிட்ஜை நகர்த்திய முதுகுவலியோடு எழுதுவதால் தீர்ப்பு இப்படி வருகிறது என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன். அதற்காக மாற்றவும் மாட்டேன்.

அப்படியும் வாங்கித்தான் தீருவேன் என்றால் தாய், தந்தை இரண்டுக்கும் மரபணுப் பரிசோதனை முடிவைக் கேளுங்கள். கண் லென்ஸ் இடம் நழுவும் நோய்க்கும், நடை தள்ளாடும் அட்டாக்ஸியாவுக்கும் இப்போது பரிசோதனை இருக்கிறது. பிறவியிலேயே காது கேட்காத குட்டிகளும் இந்த இனத்தில் உண்டு, ஆகவே குட்டிக்குச் செவித்திறன் சோதனை செய்தார்களா என்று பாருங்கள். பின்னங்காலைத் தூக்கித் தூக்கித் தத்தினால் முழங்கால் சில்லு விலகுகிறதா என்று மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். "எங்க நாய்ங்களுக்கு அதெல்லாம் வராது சார்" என்று வாயால் மட்டும் சொல்கிறவரிடம் வாங்காதீர்கள்.